சாதா 944-ஆ, டர்போவா? மன்னார்குடித் தம்பிக்கு ஒரு பதில்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1980களின் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே 944 வாங்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. இப்போது இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. கோயம்புத்தூரில் 1985 மாடல் சாதா 944 ஒன்று, டர்போ இல்லாதது. ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பராமரிப்பு ரசீதுகள் அரைகுறை. பெங்களூரில் 1986 மாடல் 944 டர்போ. நான்கு வருடமாக ஷெட்டில் நிற்கிறது, சாதாவை விடக் கொஞ்சம்தான் விலை கூடுதல். இரண்டுமே வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர்கள் 1990களில் கொண்டு வந்தவை, வலப்பக்க ஸ்டியரிங். வாரம் ஒரு தடவை வடுவூர் வழியாகத் தஞ்சாவூர், எப்போதாவது திருச்சி, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வேளாங்கண்ணி. இதுதான் அவர் ஓட்டப்போகிற ஓட்டம். "எதை வாங்கலாம் அண்ணே?" என்கிறார்.

நான் வளைகுடாவில் ஜெர்மன் வண்டிப் பட்டறையில் 16 வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் பட்டறை வைத்திருப்பவன். 944 எஞ்சினை எத்தனை முறை பிரித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. எனக்குப் பிடித்தது டர்போ. அதை மறைக்க மாட்டேன். அதிகாலை ஐந்து மணிக்கு ஆளில்லாத பாலைவனச் சாலையில், மூன்றாம் கியரில், முதுகை இருக்கையோடு அழுத்துகிற அந்த இழுவையை ஒருமுறை அனுபவித்தவன் மறக்க மாட்டான். ஆனாலும் தம்பி, நீங்கள் வாங்க வேண்டியது கோயம்புத்தூர் வண்டியைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்போம். சாதா 944 வந்தது 1982-ல். 2,479 சி.சி., நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, 163 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே நடுங்கும். அதை அடக்க இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளை எஞ்சினின் இரு பக்கமும் வைத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கினார்கள். எஞ்சின் முன்னால், கியர் பாக்ஸ் பின்னால், நடுவில் ஒரு நீளக் குழாய். இதனால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடும். இந்த வண்டியை வளைவில் திருப்பும்போது கிடைக்கும் நிதானம் அதிலிருந்து வருவது. டர்போவுக்கும் சாதாவுக்கும் இது பொது. ஆக, 944-ன் உண்மையான அருமை எதுவோ, அது சாதாவிலேயே முழுசாக இருக்கிறது.

டர்போ 1985-ல் வந்தது. அதே 2,479 சி.சி., 220 குதிரைத்திறன். எடை சுமார் 100 கிலோ கூட. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட சாதாவுக்கு 8.4 வினாடி, டர்போவுக்கு 6.3. காகிதத்தில் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் அந்தக் கூடுதல் பலம் எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டியது.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோல் கூட்டலாம், பலம் கூடும். டர்போ என்பது இவ்வளவுதான். ஆனால் புகை போதுமான அளவுக்கு வந்தால்தான் சக்கரம் வேகம் பிடிக்கும். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி மதகைத் திறந்த அன்றைக்கே கடைமடை வயலில் தண்ணீர் நிற்குமா? கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாளாகும். அங்கிருந்து வெண்ணாறு, கிளை வாய்க்கால், அதன் பிறகுதான் நம் வயல். 944 டர்போவில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதும் அப்படித்தான். எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது மிதித்தால் ஒரு தாமதம். அப்புறம் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாக வரும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அழுத்திய காற்றை உள்ளே விடுவதால் எஞ்சின் தட்டக்கூடாது, அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இடிக்கக்கூடாது என்று, டர்போவில் கம்ப்ரெஷனை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கை) 8-க்கு இறக்கிவிட்டார்கள். சாதாவில் அது 10.6. ஆகவே டர்போ ஊதத் தொடங்காத வரை, அந்த எஞ்சின் சாதாவை விட மந்தமாகத்தான் இருக்கும். அதுவும் 100 கிலோ கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டு.

இப்போது உங்கள் ரோட்டுக்கு வாருங்கள். டர்போவில் 3,000 சுற்று என்பது இரண்டாம் கியரில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகம், மூன்றாம் கியரில் 75, நான்காம் கியரில் 100. மன்னார்குடியிலிருந்து வடுவூர் போகும்போது நீங்கள் எந்த வேகத்தில் போகிறீர்கள்? 40, 50, நல்ல இடம் கிடைத்தால் 60. முன்னால் டவுன் பஸ், அதற்கு முன்னால் டிராக்டர், அறுப்புக் காலமென்றால் கதிர் அறுக்கும் மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு. எதிரில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த நொடியில் மிதித்தால் வண்டி பாய வேண்டும். சாதா 944 அந்த இடத்தில் பாயும். அதன் 205 நியூட்டன் மீட்டர் இழுவை 3,000 சுற்றிலேயே முழுசாகக் கிடைத்துவிடும், அதற்குக் கீழேயும் நன்றாகவே இருக்கும். டர்போவில் கியரைக் குறைத்து, சுற்றை ஏற்றி, காற்று ஊத ஆரம்பிப்பதற்குள் இடைவெளி மூடிவிடும். மூடாமல் இருந்தாலோ, பஸ்ஸைத் தாண்டும் அதே நேரத்தில் 330 நியூட்டன் மீட்டரும் பின் சக்கரத்துக்கு வரும். 1986 வண்டியில் வழுக்கலைத் தடுக்க மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. ரோட்டில் வாய்க்கால் சேறு இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் டர்போ மூச்சு விடும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வருடத்தில் எத்தனை நாள் அங்கே ஓட்டப் போகிறீர்கள்?

அடுத்தது சூடு. டர்போவைப் பார்த்து எல்லோரும் பயப்படுவது "டர்போ போய்விட்டால்?" என்று. அந்தப் பயம் இடம் மாறிய பயம். டர்போ யூனிட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். அதில் இருப்பது கே.கே.கே. நிறுவனத்தின் கே26 என்ற வகை. லாரிக்கும் ரிக் வண்டிக்கும் டர்போ கட்டுகிற கை நம் திருச்சி, நாமக்கல் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. பேரிங்கும் சீலும் வரவழைத்துக் கொடுத்துவிட்டால் சுத்தமாகச் செய்து கொடுப்பார்கள். பணத்தைத் தின்பது டர்போ இல்லை, டர்போவைச் சுற்றியிருக்கிற பொருட்கள். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் ரப்பர் சாமான்களை அடுக்கி வைத்தால் எப்படியோ அப்படி அந்த எஞ்சின் அறை. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் இரண்டும் திரவம் நிரப்பியவை. சைலன்சர் குழாய் இருக்கும் பக்கத்து மவுன்ட் சூட்டில் சீக்கிரமே உட்கார்ந்துவிடும், எஞ்சின் இறங்கிவிடும். வேக்குவம் குழாய்கள் கைபட்டாலே அப்பளமாக நொறுங்கும். டர்போவுக்குப் போகும் புகை அதிகமானால் திசைதிருப்பி விடும் வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொள்ளும். இவற்றில் ஒரு சின்னக் குழாய் விரிசல் விட்டாலும் வண்டி பலமிழந்து நிற்கும், காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும்.

அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் இந்த வண்டி நிற்பதை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. வடிவமைத்தவர்கள் யோசிக்காமல் இல்லை. டர்போவின் பேரிங் இருக்கும் பகுதிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கொடுத்து, சாவியை எடுத்த பிறகும் சுற்றுகிற தனி மின்சாரப் பம்ப் ஒன்றையும் வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அருமையான வேலை அது. ஆனால் 40 வயதான வண்டியில் அந்தப் பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஓடாவிட்டால் ஆயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும், பேரிங் தேயும்.

நம் ஊர்ப் பக்கம் இருக்கிற ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் ரோட்டில் நெல் காய்கிறது, வைக்கோல் கிடக்கிறது. அப்புறம் உளுந்துச் செடியைப் பரப்பி, வண்டிகள் ஏறிப் போகட்டும் என்று விடுகிறார்கள். உயரமான வண்டிகளிலேயே சைலன்சரில் வைக்கோல் சிக்கித் தீப்பிடித்திருக்கிறது. 944 தாழ்ந்த வண்டி. டர்போவிலோ, எஞ்சினுக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் டர்போவுக்குப் போகும் புகைக்குழாய் எஞ்சினுக்கு அடியிலேயே கடக்கிறது. பலமாக ஓட்டி வந்தால் அது பழுக்கக் காய்ந்திருக்கும். எந்த வண்டி வாங்கினாலும் உளுந்து பரப்பிய இடத்தைச் சுற்றிப் போங்கள். சுற்றிப் போக வழியில்லாமல் ஏறிவிட்டால் சற்று தூரத்தில் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். தீயணைப்பான் ஒன்று சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. அதனால் அதே அளவு காற்றுக்குப் பெட்ரோல் 7, 8 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். புது வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமல் அந்தக் காலத்தில் விற்ற 944-களில் அந்த சென்சாரே இல்லை. 1985-ல் தீர்மானித்த கணக்குப்படிதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும். ஆக, கலவையில் பெட்ரோல் குறைவாகவே எரியும். சாதாவில் இதன் விளைவு கொஞ்சம் திக்குவது, கொஞ்சம் சூடாவது. பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டியோ, கலவையைச் சரிசெய்தோ சமாளிக்கலாம். டர்போவில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை, உருகிய பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுவில் விரல் நுழைகிற ஓட்டை.

நியாயமாக டர்போவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டர்போவில் எஞ்சின் தட்டுவதைக் கேட்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. தட்டினால் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, காற்றழுத்தத்தையும் குறைத்துவிடும். எட்டு வால்வு சாதாவில் அது கிடையாது, அதன் 10.6 கம்ப்ரெஷன் நல்ல ஆக்டேன் கேட்கும். அதனால் சாதாவுக்கும் கண்ட பெட்ரோலைப் போடக்கூடாது. எதை வாங்கினாலும் டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்குகிற புதுக் குழாய்களாக மாற்றுங்கள். பழைய ரப்பரை எத்தனால் ஊற வைத்து விரிசல் விடச் செய்யும். பெட்ரோல் ஒழுகுகிற இடத்துக்குப் பக்கத்தில் சூடான குழாய் இருந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் டர்போவில் உசத்தி. பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர்கள் நான்கு பிஸ்டன் கொண்ட அலுமினியம், அதிவேகத்தில் அப்படிப் பிடிக்கும். ஆனால் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் அந்த அலுமினியம் பூத்து, பேட் உட்காரும் தகட்டைத் தூக்கிவிடும், பேட் இறுகிக்கொள்ளும். சாதாவின் பிரேக் அதன் வேகத்துக்குப் போதும். பாடியைப் பொறுத்தவரை இரண்டுமே துத்தநாகம் பூசிய தகடு, அந்தக் காலத்து வண்டிகளில் இது பெரிய வரம். உப்புக்காற்றையும் ஐப்பசி மழையையும் பிற வண்டிகளை விட நன்றாகத் தாங்கும். சாதாவில் மட்டும் எஞ்சின் அறையில் கண்ணாடி ஓரமாக இருக்கும் பேட்டரித் தட்டைப் பாருங்கள். ஆசிட் ஒழுகி ஓட்டை விழுந்திருந்தால் மழைநீர் நேராக வண்டிக்குள் வரும்.

இரண்டுக்கும் பொதுவான, எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட். 944-ல் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அதோடு பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு இன்னொரு பெல்ட். அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினாலும் அதே கதிதான். 48,000 கிலோமீட்டர் அல்லது நான்கு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது பழகியவர்களின் கணக்கு. வளைகுடாவில் ஒருவர் தன் 944-ஐ ஆறு வருடம் குளிரூட்டிய கேரேஜில் துணி போர்த்தி வைத்திருந்தார். ஓடியது மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. பெல்ட் பார்க்கப் புதிதாக இருக்கிறது, விட்டுவிடு என்றார். நானும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் வாரம் வண்டி லாரியில் வந்தது, எட்டு வால்வும் வளைந்திருந்தன. அன்றையிலிருந்து இந்த விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை. நின்றுகொண்டிருந்த வண்டியின் ரப்பர், ஓடிய வண்டியின் ரப்பரை விட மோசம்.

பெங்களூர் வண்டி எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நான்கு வருடம் நின்ற டர்போ, சாதாவை விடக் கொஞ்சம்தான் விலை கூட. நல்ல டர்போவை யாரும் அப்படி விற்க மாட்டார்கள். டேங்கில் பெட்ரோல் புளித்திருக்கும், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், டர்போ சீல், தண்ணீர் பம்ப், இரண்டு பெல்ட், கிளட்ச் என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும். கிளட்ச் மட்டும் சாதாரண வேலை இல்லை. நடுக்குழாயையும் கியர் பாக்ஸையும் இறக்கினால்தான் கிளட்ச் பிளேட் கைக்கு வரும். பழைய பிளேட்டின் நடுவில் ரப்பர் இருக்கும், அது கிழிந்தால் வண்டி இருந்த இடத்தில் நின்றுவிடும். இவை எல்லாவற்றையும் முடித்து வண்டி ரோட்டுக்கு வரும்போது, விலை வித்தியாசம் என்று நீங்கள் நினைத்த தொகை எங்கேயோ போயிருக்கும்.

"அப்படியென்றால் பலமும் வேண்டும், டர்போவும் வேண்டாம், வழியுண்டா?" என்று கேட்டால், உண்டு. 1989-ல் வந்த 944 எஸ்2. மூன்று லிட்டர், 211 குதிரைத்திறன், டர்போ இல்லாமல். இதுதான் என் கண்ணுக்கு 944-களிலேயே நம் ரோட்டுக்குப் பொருத்தமானது. ஆனால் இந்தியாவில் கண்ணில் படுவதே அபூர்வம், அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து கொண்டு வரலாமே என்று நினைக்க வேண்டாம். 50 வருடம் முடிந்த வண்டிகளை இறக்குமதி செய்யலாம் என்று 2025-ல் விதியைத் தளர்த்தினார்கள், 1989 வண்டிக்கு அது 2039-ல்தான்.

பேப்பர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டிக்கு ஆர்.சி. மட்டும் போதாது. இறக்குமதி செய்தபோது கஸ்டம்ஸ் கொடுத்த பில் வேண்டும், அதில் இருக்கும் சேசிஸ் எண் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா, எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். சேசிஸ் எண்ணிலேயே இன்னொரு உண்மையும் இருக்கிறது: ஏழாவது, எட்டாவது இடத்தில் 94 என்று இருந்தால் அது சாதா, 95 என்று இருந்தால் டர்போ. சாதா வண்டிக்கு டர்போ முகத்தை மாட்டி விற்பவர்களும் உண்டு. பெங்களூர் வண்டியைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால், டாஷ்போர்டில் இருக்கும் காற்றழுத்த முள்ளைக் கவனியுங்கள். எஞ்சின் நிற்கும்போது அது 1-ல் இருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால் முழு பலத்தில் சுமார் 1.75 வரை போகும். 2-ஐத் தொட்டால் பலத்தைக் கூட்ட யாரோ எஞ்சின் கம்ப்யூட்டரின் சிப்பை மாற்றியிருக்கலாம், அந்த எஞ்சின் என்னென்ன பட்டிருக்கிறதோ என்று திரும்பி வந்துவிடுங்கள்.

நான் எப்போது டர்போ வாங்கச் சொல்வேன்? ஏற்கெனவே ஒரு பழைய வண்டியை வைத்துப் பராமரித்த அனுபவம் உங்களுக்கு இருந்து, பெல்ட், கிளட்ச், குழாய் எல்லாம் மாற்றிய ரசீதோடு ஒரு டர்போ கிடைத்து, கோயம்புத்தூர் வண்டியின் எஞ்சின் கெட்டுப்போயிருந்தால், தயங்காமல் டர்போ பக்கம் போங்கள் என்பேன். நன்றாகப் பராமரித்த டர்போ, கைவிட்ட சாதாவை விட மேல். நீங்கள் சொன்ன இரண்டு வண்டிகளில் நிலைமை அப்படி இல்லை.

கோயம்புத்தூர் போகும்போது காலையில் போங்கள், எஞ்சின் சூடாவதற்கு முன். முந்தைய நாளே உரிமையாளரிடம் "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். முதலில் தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மோர் மாதிரி நுரை இருந்தால் பெரும்பாலும் ஆயில் கூலர் சீல் போயிருக்கும், அதைச் சரிசெய்யலாம், ஆனால் விலையைக் குறைக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். ஆயில் பிரஷர் முள் சட்டென்று மேலே ஏற வேண்டும். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் முள் கொஞ்சம் இறங்கும், அது சரி. மிதித்தாலும் ஏறவில்லையென்றால் அடியில் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். கிளட்ச்சை மெதுவாக விட்டு, இரண்டாம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து இழுத்துப் பாருங்கள், பின்பக்கம் டொக்கென்று தட்டுகிறதா என்று. ஒரு வளைவில் ஓட்டிப் பாருங்கள், அதை நான் சொல்லாவிட்டாலும் செய்வீர்கள்.

பிடித்துப்போய் வாங்கினால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஆசைப்பட்டு அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லாத வண்டி அது. லாரியில் ஏற்றி நேராகக் கும்பகோணம் அனுப்புங்கள். இரண்டு பெல்ட், ரோலர்கள், தண்ணீர் பம்ப், பெட்ரோல் குழாய்கள் ஆகியவற்றை இப்போதே வரவழைக்கச் சொல்லிவிட்டால் வண்டி வரும்போது சாமான் கையில் இருக்கும். வேலைக்கு நான்கைந்து நாள். புது பெல்ட் கொஞ்சம் தளரும், அதனால் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கொண்டு வாருங்கள், பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன்.